மைக்ரோகன்ட்ரோலரில் சீரியல் தொடர்பு: கம்பி இணைப்பிலிருந்து ஜிபிஎஸ் வாக்கியம் வரை

ஜிபிஎஸ் மாட்யூலைப் போர்டில் இணைத்தாயிற்று. திரையில் வருவதோ கேள்விக்குறிகளும் கட்டங்களும். இந்த இடத்தில் பெரும்பாலோர் நிரலில் கை வைக்கிறார்கள். லைப்ரரியை மாற்றுவது, வேறு எடுத்துக்காட்டை ஏற்றுவது, அதுவும் ஓடவில்லை என்றால் மாட்யூல் போலி என்று முடிவு கட்டுவது. சீரியலில் கோளாறு பிறக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: கம்பியில் இருக்கும் வோல்டேஜ், இரண்டு பக்கமும் கணக்கிடும் நேரம், வந்த எழுத்தை எடுத்து வைக்கும் வேகம். முதல் இரண்டையும் ஒரு மல்டிமீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நிரலைக் கடைசியில்தான் தொடவேண்டும் என்பது என் கட்சி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டுக்கு எல்லோர் கையிலும் கிடைக்கும் பொருட்கள்: 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ் புரோ மினி போர்டு (உள்ளே இருப்பது ஏடிமெகா328பி சிப்), நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல், யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் மூன்றும் கிடைக்கும். பலரும் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு, அது கீழே வருகிறது.

கம்பியில் என்ன ஓடுகிறது

யுஆர்ட் என்ற சீரியல் முறையில் ஒரு திசைக்கு ஒரு தரவுக் கம்பிதான். "இப்போது படி" என்று சொல்லும் கடிகாரக் கம்பி தனியாகக் கிடையாது. எஸ்பிஐ, ஐ2சி முறைகளில் அது உண்டு. இங்கே இரண்டு பக்கமும் ஒரே வேகத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கின்றன. அப்புறம் அவரவர் கடிகாரத்தை நம்பி எண்ணுகிறார்கள். இந்த வேகம்தான் பாட் ரேட். 9600 என்றால் விநாடிக்கு 9600 பிட், ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோ விநாடி.

யாரும் பேசாதபோது கம்பி 1 நிலையில் உயர்ந்தே நிற்கும். பேச்சு தொடங்குவதன் அடையாளமாக ஒரு பிட் நேரம் 0-க்கு இறங்கும், அது ஸ்டார்ட் பிட். அதன்பின் 8 தரவு பிட்டுகள், மதிப்பு குறைந்த பிட் முதலில். கடைசியில் கம்பி மறுபடி 1-க்கு ஏறி ஒரு பிட் நேரம் நிற்கும், இது ஸ்டாப் பிட். பேரிட்டி என்ற சோதனை பிட் இடையில் இல்லை என்றால் இந்த அமைப்பை 8என்1 என்பார்கள். நீங்கள் சந்திக்கும் மாட்யூல்களில் பெரும்பாலானவை இதுவே.

ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-யின் எண் 65, இரும எண்ணில் 01000001. கம்பியில் அது போகும் வரிசை: 0 (ஸ்டார்ட்), பிறகு 1 0 0 0 0 0 1 0, பிறகு 1 (ஸ்டாப்). தலைகீழாகப் போவதைக் கவனியுங்கள். லாஜிக் அனலைசரில் (கம்பியில் ஓடும் 0, 1-ஐப் படமாகக் காட்டும் கருவி) முதன்முறை பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள்.

ஆக ஒரு எழுத்துக்கு 8 அல்ல, 10 பிட் செலவு. 9600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து, ஒரு எழுத்துக்கு 1.04 மில்லி விநாடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பஃபர் (வந்த எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

ஏற்கும் சிப் என்ன செய்கிறது? ஏடிமெகா328பி ஒவ்வொரு பிட்டையும் 16 துண்டாகப் பிரித்து, நடுவில் உள்ள 8, 9, 10-ஆம் துண்டுகளைப் படித்து, மூன்றில் இரண்டு எதுவோ அதையே பிட்டின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட் பிட் இறங்கும் நொடியில் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குகிறது. அதனால் கடிகாரப் பிழை ஒரு எழுத்துக்குள் மட்டும்தான் சேரும், அடுத்த எழுத்துக்குத் தாவாது. ஸ்டாப் பிட்டின் நடுவுக்கு வருவதற்குள் பிழை அரை பிட்டைத் தாண்டக்கூடாது. அதாவது இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே மொத்த வித்தியாசம் ஏறக்குறைய 4.5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சிப்பின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரக் கையேடு) இன்னும் எச்சரிக்கையாக, 8 தரவு பிட்டுக்கு 2 சதவீதத்தில் நில் என்கிறது.

படி 1: வோல்டேஜ்

சீரியல் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று மின்நிலைகள் புழங்குகின்றன. புரோ மினி, ஊனோ போன்றவற்றில் 1 என்பது 5 வோல்ட். ஜிபிஎஸ், ஈஎஸ்பி32, பெரும்பாலான ஜிஎஸ்எம் மாட்யூல்கள் 3.3 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. பழைய கணினியின் ஒன்பது பின் சாக்கெட், தொழிற்சாலை எடைக்கருவிகள் ஆகியவற்றில் இருப்பது ஆர்எஸ்-232. அதில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை, 0 என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. அளவும் பெரிது, திசையும் தலைகீழ். ஆர்எஸ்-232-ஐ நேரடியாக சிப்பில் சொருகினால் பின் போய்விடும், இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றி கட்டாயம்.

ஜிபிஎஸ் மாட்யூலை 5 வோல்ட்டில் ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஓட்டலாம். கடையில் கிடைக்கும் சிறு போர்டுகளில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது. ஆனால் அது மின்சாரம் வாங்கும் பின்னுக்கு மட்டும்தான். சிக்னல் பின்கள் அப்போதும் 3.3 வோல்ட்தான்.

ஜிபிஎஸ் பேசி, புரோ மினி கேட்கும் திசையில் மாற்றி தேவையில்லை. 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி, 3.0 வோல்ட்டுக்கு மேல் எதையும் 1 என்று ஏற்கும். 3.3 அதைத் தாண்டிவிடுகிறது, மிச்சம் 0.3 வோல்ட்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கம்பி நீளமானாலோ மோட்டார் பக்கத்தில் இருந்தாலோ அந்த மிச்சம் போதாது.

எதிர்த்திசையில், புரோ மினி பேசி ஜிபிஎஸ் கேட்பதற்கு, வோல்டேஜைக் குறைத்தாகவேண்டும். புரோ மினியின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1.8 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் 3.2 வோல்ட் கிடைக்கும், அதை ஜிபிஎஸ்ஸின் ஆர்எக்ஸ் (ஏற்கும்) பின்னுக்குக் கொடுங்கள். ஆனால் இடத்தைப் படிப்பது மட்டும்தான் வேலை என்றால் இந்தக் கம்பியே வேண்டாம். ஜிபிஎஸ் கேட்காமலேயே விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்.

கிரவுண்ட் கம்பியை மறப்பவர்கள் நிறைய. ஜிபிஎஸ்ஸுக்குத் தனி பேட்டரி, போர்டுக்கு யுஎஸ்பி என்றிருந்தாலும் இரண்டு கிரவுண்டும் இணைந்திருக்கவேண்டும். வோல்டேஜ் என்பதே எதிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தப் பொதுப்புள்ளி இல்லாமல் 3.3 என்ற எண்ணுக்கே அர்த்தமில்லை.

மின்சாரம் கொடுத்ததும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ் பின்னைத் தொடுங்கள். 3.3-க்கு அருகில் நின்று, விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் தளர்ந்து மீண்டால் மாட்யூல் பேசுகிறது. 0 காட்டினால் அது டிஎக்ஸ் பின் இல்லை, அல்லது மாட்யூலுக்கு மின்சாரம் போகவில்லை. பின் பெயர்களை நம்பாமல் அளந்து பார்ப்பதற்கு இதுதான் காரணம். ஒருவரின் டிஎக்ஸ் மற்றவரின் ஆர்எக்ஸுக்குப் போகவேண்டும் என்பது விதி. ஆனால் சில மாட்யூல்களில் எதிர்ப்பக்கத்தின் பார்வையில் பெயர் அச்சிட்டிருப்பார்கள். பேசாமல் இருக்கும்போது உயர்ந்து நிற்கும் பின் எதுவோ அதுவே டிஎக்ஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்எக்ஸ் பின்னிலும் சில சமயம் உள்ளே புல்-அப் (பின்னை 1 நிலைக்கு இழுத்து வைக்கும் மின்தடை) இருப்பதால், சந்தேகம் வந்தால் 10 கிலோ ஓம் மின்தடையால் கிரவுண்டுக்கு இழுத்துப் பாருங்கள். டிஎக்ஸ் அசையாது, புல்-அப் சரிந்துவிடும்.

படி 2: மைக்ரோகன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்

முதலில் அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஜம்பர் வயரால் இணைத்து, கணினியில் ஏதாவது சீரியல் டெர்மினலைத் திறந்து தட்டச்சு செய்யுங்கள். தட்டியது திரும்பி வந்தால் டிரைவர், கேபிள், போர்ட் எண் எல்லாம் சரி. டெர்மினலில் லோக்கல் எக்கோ அணைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் வயரே இல்லாமலும் எழுத்து தெரிந்து ஏமாற்றும்.

அடுத்து அடாப்டரின் ஆர்எக்ஸில் ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ், கிரவுண்டோடு கிரவுண்ட், வேகம் 9600. டாலர் குறியில் தொடங்கும் வரிகள் ஓடவேண்டும். செயற்கைக்கோள் கிடைக்காவிட்டாலும் இந்த வரிகள் வரும், இடைப்பட்ட மதிப்புகள் மட்டும் காலியாக இருக்கும். ஆகவே சீரியலைச் சோதிக்க மொட்டைமாடிக்குப் போகவேண்டியதில்லை.

இங்கே வரி சரியாக வந்து, போர்டில் இணைத்ததும் கெடுகிறது என்றால் குற்றவாளி போர்டின் பக்கம் என்று உறுதியாகத் தெரிந்துவிடும். இந்த ஐந்து நிமிட வேலையைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்கள் மாட்யூலையும் நிரலையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஊனோ விஷயம். ஊனோ ஆர்3-இல் 0, 1 எண் பின்கள் ஏற்கெனவே யுஎஸ்பி சிப்போடு 1 கிலோ ஓம் மின்தடை வழியாக இணைந்திருக்கின்றன. அங்கே ஜிபிஎஸ்ஸையும் கட்டினால் ஒரே கம்பியில் இரண்டு பேர் பேசுவதாகிவிடும். சில மாட்யூல்கள் அந்த 1 கிலோ ஓமை எதிர்த்து வென்றுவிடும், சில திணறும், நிரல் ஏற்றுவது நிச்சயம் தடைபடும். புரோ மினியில் யுஎஸ்பி சிப் இல்லை, ஆர்எக்ஸ் பின் முழுக்க நம்முடையது. நிரல் ஏற்றும்போது அடாப்டரின் டிஎக்ஸை அங்கே சொருகி, ஏற்றியபின் அதை எடுத்துவிட்டு ஜிபிஎஸ்ஸைச் சொருகுங்கள். புரோ மினியின் டிஎக்ஸ் மட்டும் எப்போதும் அடாப்டரின் ஆர்எக்ஸில் இருக்கட்டும். கேட்பது ஜிபிஎஸ்ஸிடம், சொல்வது கணினியிடம், இரண்டுக்கும் வேகம் 9600. இந்த சிப்பில் யுஆர்ட் சர்க்யூட் ஒன்றுதான் என்பதால் இரு திசைக்கும் வேறு வேறு வேகம் வைக்க முடியாது.

படி 3: பாட் ரேட் கணக்கு

சிப் தன் கடிகாரத்தை ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் ரேட்டை உண்டாக்குகிறது. அந்த எண் யுபிஆர்ஆர்0 என்ற ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) போகும்.

யுபிஆர்ஆர் = கடிகாரம் ÷ (16 × பாட் ரேட்) − 1

16 மெகாஹெர்ட்ஸுக்கும் 9600-க்கும் விடை 103.17. முழு எண்ணாக்கினால் 103. திருப்பிப் போட்டால் உண்மையான வேகம் 9615, பிழை 0.16 சதவீதம். கவலையே இல்லை.

115200-க்கு இதே கணக்கைப் போடுங்கள்: 7.68. அதை 8 ஆக்கினால் உண்மையான வேகம் 111111, பிழை மைனஸ் 3.5 சதவீதம். இது எல்லையைத் தாண்டிவிட்டது. இதற்காகத்தான் யு2எக்ஸ் என்ற இரட்டை வேக பிட் இருக்கிறது. அதை இயக்கினால் சூத்திரத்தில் 16-க்குப் பதில் 8, விடை 16, பிழை பிளஸ் 2.1 சதவீதம். இதுவும் டேட்டாஷீட்டின் அறிவுரைக்கு வெளியேதான். அப்படியானால் ஊனோவில் 115200 எப்படிப் பிசகாமல் ஓடுகிறது? அங்கே யுஎஸ்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏடிமெகா16யு2-வும் 16 மெகாஹெர்ட்ஸில் இதே கணக்கைத்தான் போடுகிறது. இரண்டும் ஒரே அளவு தப்பாக ஓடுவதால் ஒன்றை ஒன்று சரியாகப் புரிந்துகொள்கின்றன. அதே ஊனோவை 115200-இல் துல்லியமான கடிகாரம் உள்ள வேறு மாட்யூலோடு கட்டும்போது அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. ப்ளூடூத், வைஃபை மாட்யூல்களில் "எப்போதாவது ஒரு எழுத்து கெடுகிறது" என்ற புகாரில் பாதி இங்கிருந்து வருவதாகவே நினைக்கிறேன். வேகத்தை 38400-க்கு இறக்கினால் பிழை 0.16-க்கு வந்துவிடும்.

கல்லூரி ஆய்வகத்தில் 8051 போர்டைத் தொட்டவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திரமான கிரிஸ்டல் நினைவிருக்கும். அந்த எண்ணை 12-ஆலும் பிறகு 32-ஆலும் வகுத்தால் 28800. அதன் மூன்றில் ஒரு பங்கு துல்லியமாக 9600. டைமரில் 253 என்று எழுதச் சொன்னதன் காரணமும் அந்த மூன்றுதான், 256-இல் மூன்று குறைவு.

புதிய ஏடிமெகா328பி சிப்பைத் தனியாக வாங்கி பிரெட்போர்டில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆலையிலிருந்து வரும்போது அது உள் கடிகாரத்தின் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கிரிஸ்டல் வைத்தாலும் ஃப்யூஸ் பிட்டுகளை (எந்தக் கடிகாரம் என்பது போன்ற நிலையான அமைப்புகள்) மாற்றாதவரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படியானால் கடிகாரம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து 'யு'-வின் எண் 85, இரும எண்ணில் 01010101. ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளோடு கம்பியில் போவது 0 1 0 1 0 1 0 1 0 1. இடைவெளி விடாமல் தொடர்ந்து அனுப்பினால் டிஎக்ஸ் பின்னில் ஓடுவது ஒழுங்கான சதுர அலை, அதன் அதிர்வெண் பாட் ரேட்டில் சரிபாதி. ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 9600-க்கு 4800-ஐ ஒட்டி, நம் கணக்குப்படி 4808, காட்டவேண்டும். 300 காட்டுகிறதா? நீங்கள் 16 என்று நினைத்த சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 2404 என்றால் 8 மெகாஹெர்ட்ஸ் போர்டை 16 என்று தேர்ந்தெடுத்து நிரல் ஏற்றியிருக்கிறீர்கள். புரோ மினியில் இரண்டு வகையும் ஒரே முகத்தோடு வருவதால் இது அடிக்கடி நடக்கும். டிசி வோல்ட்டில் வைத்தால் 2.5 காட்டும், பாதி நேரம் 5, பாதி நேரம் 0 என்பதால்.

படி 4: அனுப்புவது

இது எளிது. யுபிஆர்ஆர்0-இல் 103. யுசிஎஸ்ஆர்0பி ரெஜிஸ்டரில் அனுப்பும் பிட்டையும் ஏற்கும் பிட்டையும் 1 ஆக்குங்கள். யுசிஎஸ்ஆர்0சி ரெஜிஸ்டர் ரீசெட் ஆனதுமே 8என்1-இல்தான் இருக்கும், தொடவேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன் யுடிஆர்இ0 பிட் 1 ஆகும்வரை காத்திருந்து, எழுத்தை யுடிஆர்0-இல் எழுதினால் வேலை முடிந்தது. ஆர்டுயினோ லைப்ரரியின் தொடக்கக் கட்டளை உங்களுக்காகச் செய்வதும் இதையே, கூடவே யு2எக்ஸையும் இயக்கிவிடுகிறது.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "வணக்கம்" என்பது புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, 21 பைட், 9600-இல் 22 மில்லி விநாடி. 7 பிட் தரவு அமைப்பில் இது உடைந்துபோகும், 8 பிட்டில் ஒரு பிரச்சனையும் இல்லை.

படி 5: ஏற்பது

முழு வழிகாட்டியிலும் சிக்கலான பகுதி இதுதான். அனுப்பும்போது நேரம் நம் கையில். ஏற்கும்போது நேரம் எதிராளியின் கையில்.

சிப்பின் யுஆர்ட்டுக்குள் இரண்டு எழுத்து நிற்க இடமிருக்கிறது. மூன்றாவது உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் முதல் எழுத்தை எடுக்காவிட்டால் அடுத்து வருவது தொலையும், டிஓஆர்0 என்ற பிட் 1 ஆகும். 9600-இல் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று மில்லி விநாடி. மெயின் லூப்பில் உட்கார்ந்து "வந்ததா, வந்ததா" என்று கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு எல்சிடியில் எழுதப் போன இடைவெளியிலேயே எழுத்து போய்விடும்.

ஆகவே இன்டரப்ட். யுசிஎஸ்ஆர்0பி-இல் ஆர்எக்ஸ்சிஐஇ0 பிட்டை இயக்கினால் ஒவ்வொரு எழுத்து வந்ததும் சிப் தன் வேலையை நிறுத்திவிட்டு உங்கள் இன்டரப்ட் பகுதிக்கு ஓடிவரும். அங்கே செய்யவேண்டியது மிகக் குறைவு: பிழை பிட்டுகளைப் படித்து, எழுத்தை எடுத்து, ஒரு வட்ட பஃபரில் போட்டுவிட்டு வெளியேறுவது. வரிசை முக்கியம். பிழை பிட்டுகள் இருக்கும் யுசிஎஸ்ஆர்0ஏ-வை முதலில் படிக்கவேண்டும். யுடிஆர்0-ஐ முதலில் படித்தால் அந்த எழுத்துக்குரிய பிழைத் தகவல் கைவிட்டுப் போய்விடும்.

வட்ட பஃபருக்கு 128 பைட் நினைவிடம், இரண்டு எண்கள். ஹெட் அடுத்து எழுதும் இடம், டெயில் அடுத்து படிக்கும் இடம். இரண்டும் சமம் என்றால் பஃபர் காலி. ஹெட்டை ஒன்று நகர்த்தினால் டெயிலைத் தொட்டுவிடும் என்றால் நிரம்பிவிட்டது. 128 இரண்டின் அடுக்கு (2, 4, 8, 16 என்ற வரிசை) என்பதால், நகர்த்தியபின் 127-ஓடு "அண்ட்" செய்தால் போதும், தானே சுற்றி 0-க்கு வந்துவிடும், வகுத்தல் வேண்டாம்.

நுட்பம் ஒன்று: ஹெட்டை இன்டரப்ட் மட்டுமே மாற்றவேண்டும், டெயிலை மெயின் லூப் மட்டுமே மாற்றவேண்டும். இரண்டையும் 8 பிட் எண்ணாக வையுங்கள். இது 8 பிட் சிப் என்பதால் 16 பிட் எண்ணை இரண்டு தவணையில்தான் படிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே இன்டரப்ட் புகுந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு எண் கிடைக்கும். ஆயிரத்தில் ஒருமுறை வந்து தூக்கத்தைக் கெடுக்கும் பிழை இது. இரண்டையும் "வாலடைல்" என்று அறிவிக்கவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கம்பைலர் மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு நினைவிடத்தைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

பஃபர் நிரம்பினால் எழுத்தைக் கைவிட்டு, கைவிட்டவற்றை எண்ணும் ஒரு எண்ணைக் கூட்டுங்கள். நிரல் ஓடும்போது அந்த எண்ணை எப்போதாவது அச்சிட்டுப் பாருங்கள். 0 தவிர வேறு எது வந்தாலும் உங்கள் மெயின் லூப் மெதுவாக இருக்கிறது என்று பொருள். வேறு எந்தக் கருவியும் இதை இவ்வளவு நேராகச் சொல்லாது.

ஆர்டுயினோ லைப்ரரி உள்ளே செய்வதும் இதுவே, ஆனால் அதன் பஃபர் 64 பைட். ஜிபிஎஸ் அனுப்பும் ஒரு வாக்கியம் 82 எழுத்து வரை போகலாம், ஒரு விநாடியில் வருபவை அப்படிப் பல. லூப்பில் 1000 மில்லி விநாடி டிலே வைத்தால் பஃபர் 67 மில்லி விநாடியில் நிரம்பி, மீதமெல்லாம் வாசலிலேயே விழும். இணையத்தில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகளில் இந்த டிலே இருக்கிறது, அதை நீக்கியதும் "பழுதான" மாட்யூல் குணமாகிவிடும்.

ஊனோவில்தான் செய்தாகவேண்டும் என்றால் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரி வழியாக வேறு பின்னில் ஜிபிஎஸ்ஸைக் கட்டலாம். 9600-இல் ஓடும். ஒரு எழுத்து வரும் நேரம் முழுக்க அது மற்ற இன்டரப்டுகளை நிறுத்தி வைக்கும், அனுப்புவதும் ஏற்பதும் ஒரே நேரத்தில் நடக்காது. சர்வோ மோட்டார் துள்ளினால் இதைச் சந்தேகப்படுங்கள். நான்கு யுஆர்ட் உள்ள மெகா 2560-க்கு மாறுவது நிம்மதி.

படி 6: எழுத்துகளை வாக்கியமாக்குவது

ஜிபிஎஸ் அனுப்பும் என்எம்இஏ வாக்கியத்தின் கட்டமைப்பு தெளிவானது. டாலர் குறியில் தொடக்கம், காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள், நட்சத்திரக் குறி, இரண்டு ஹெக்ஸ் (பதினாறின் அடிமானம்) இலக்கத்தில் செக்சம் என்ற சோதனை எண், வரி முடிவு. டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட எழுத்துகளை எல்லாம் ஒன்றோடொன்று எக்ஸ்ஓஆர் (பிட்டுகள் வேறானால் 1, ஒன்றானால் 0) செய்தால் கிடைப்பதே செக்சம்.

டாலர் வரும்வரை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். வந்ததும் சேமிக்கத் தொடங்கி, ஒவ்வொரு எழுத்தையும் எக்ஸ்ஓஆர் செய்துகொண்டே போங்கள். நடுவில் இன்னொரு டாலர் வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 82-ஐத் தாண்டினாலும் அப்படியே. நட்சத்திரத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் உங்கள் கணக்கோடு பொருந்தினால் மட்டுமே உள்ளே உள்ளதை நம்புங்கள். செக்சம் பார்க்காமல் படிக்கும் நிரல் மேசையில் நன்றாக ஓடும், வண்டியில் ஏற்றியதும் திடீரென்று உங்களை நடுக்கடலில் காட்டும்.

காற்புள்ளியால் பிரிக்க சி மொழியின் ஸ்ட்ர்டாக் செயல்பாட்டைப் பயன்படுத்தாதீர்கள். செயற்கைக்கோள் கிடைக்காதபோது மதிப்புகள் காலியாக, காற்புள்ளிகள் அடுத்தடுத்து வரும். ஸ்ட்ர்டாக் அவற்றை ஒன்றாக எண்ணிவிடும், ஐந்தாவது மதிப்பு இரண்டாவது இடத்துக்கு வந்து நிற்கும். நீங்களே எழுத்து எழுத்தாக நடந்து காற்புள்ளியை எண்ணுங்கள்.

ஆர்எம்சி வாக்கியம் ஒன்றே நமக்குப் போதும்: நேரம், நிலை, அட்சரேகை, தீர்க்கரேகை, நாட் (மணிக்குக் கடல் மைல்) கணக்கில் வேகம், தேதி. நிலை என்ற இடத்தில் 'ஏ' இருந்தால் நம்பலாம், 'வி' இருந்தால் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அட்சரேகை 1304.9600 என்று வந்தால் அது 1304 டிகிரி அல்ல, 13.049600-உம் அல்ல. 13 டிகிரி, 4.96 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 13.0827, சென்னை. வகுக்காமல் விட்டால் சில கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். இந்த சிப்பில் டபுள் என்று அறிவித்தாலும் கிடைப்பது 32 பிட் ஃப்ளோட்தான், 80 டிகிரி தீர்க்கரேகையில் அதன் ஒரு படி ஏறத்தாழ 0.8 மீட்டர். அது போதாதென்றால் டிகிரியைப் பத்து மில்லியனால் பெருக்கி 32 பிட் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் வருவது உலகப் பொது நேரத்தில். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5 மணி 30 நிமிடம் கூட்டவேண்டும், அங்கே 18.30 ஆனதுமே கூட்டிய மணி 24-ஐ எட்டி நம் தேதி மாறிவிடும். தேதியையும் சேர்த்து நகர்த்தாத கடிகாரங்கள் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நேற்றைய தேதியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் குப்பையா?

எப்போதும் ஒரே மாதிரியான குப்பை வந்தால் பாட் ரேட் அல்லது கடிகாரம். 'யு' சோதனைக்குத் திரும்புங்கள். எழுத்துகள் சரி, ஆனால் நடுநடுவே விழுங்குகிறது என்றால் பஃபர், கைவிட்ட எண்ணிக்கையைப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, மோட்டாரோ ரிலேயோ இயங்கும்போது மட்டும் கெடுகிறது என்றால் கிரவுண்ட் கம்பி போகும் பாதையை மாற்றுங்கள், மோட்டாரின் மின்சாரமும் சீரியலின் கிரவுண்டும் ஒரே மெல்லிய கம்பியில் போகக்கூடாது. நிரல் ஏறவில்லை என்றால் ஆர்எக்ஸ் பின்னில் ஜிபிஎஸ் இன்னும் சொருகியிருக்கிறது.

தூரம் போகவேண்டுமானால்

மேலே சொன்ன 5 வோல்ட் சீரியல் ஒரு மீட்டர், இரண்டு மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. தோட்டத்து மோட்டார் அறையிலிருந்து வீட்டுக்கு, அல்லது தொழிற்சாலை எனர்ஜி மீட்டர் வரை போக ஆர்எஸ்-485. இரண்டு முறுக்கிய கம்பிகளுக்கு இடையேயான வித்தியாசத்தைப் படிப்பதால் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறிக் கழிந்துவிடும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை, நடுவில் உள்ள கருவிகளில் கூடாது. யுஆர்ட் அதேதான், மேக்ஸ்485 போன்ற சிப் ஒன்று இடையில் வரும்.

புதிதாகச் சேரும் ஒரே வேலை, பேசும்போது அந்த சிப்பின் டிஇ பின்னை உயர்த்தி, பேசி முடித்ததும் இறக்குவது. எப்போது இறக்குவது என்பதில்தான் சறுக்கல். யுடிஆர்இ0 பிட் 1 ஆனால் "அடுத்த எழுத்தைக் கொடு" என்றுதான் பொருள், கடைசி எழுத்து அப்போதுதான் கம்பியில் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே டிஇ-யை இறக்கினால் அந்த எழுத்து பாதியில் அறுந்துவிடும். பார்க்கவேண்டியது டிஎக்ஸ்சி0 பிட், அது ஸ்டாப் பிட்டும் வெளியேறிய பிறகே 1 ஆகும். அனுப்பத் தொடங்கும் முன் அதில் 1 எழுதி அழித்துவிட்டுத் தொடங்குங்கள். மாட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகளின் கேள்வி-பதில் முறை) மீட்டர் பதிலே தரவில்லை என்றால் உங்கள் கேள்வியின் கடைசி பைட் அறுந்திருக்கலாம். பதில் வருகிறது, முதல் பைட் மட்டும் இல்லை என்றால் டிஇ-யைத் தேவைக்கு மேல் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.